நடுத்தரம் என்னும் தீர்ப்பு

முதலாம் எலிசபெத் ராணியின் ஆட்சியில் இங்கிலாந்தின் ராஜ முத்திரையைக் காக்கும் உயர் பதவியில் இருந்த சர் நிக்கலஸ் பேக்கன், தம் குலத்துக்குரிய விருதுமொழியாக இரண்டே லத்தீன் சொற்களைத் தேர்ந்துகொண்டார்: ‘மீடியோக்ரியா ஃபிர்மா’. நடுத்தரமானவையே நிலைத்து நிற்கும் என்பது அதன் கருத்து. ராணி அவருடைய கோராம்பரி இல்லத்துக்கு விஜயம் செய்து, உங்களுக்கு இவ்வீடு மிகச் சிறியதாக இருக்கிறதே என்று சொன்னபோது, வீடு சரியாகத்தான் இருக்கிறது, தாங்கள்தாம் என்னை வீட்டுக்கு மிஞ்சியவனாக ஆக்கிவிட்டீர்கள் என்று அவர் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. விருதுமொழிக்கு ஏற்ற விடைதான் அது. இன்றோ, எந்தக் குடும்பமும் அந்தச் சொல்லைத் தன் வாயிலில் பொறித்துக்கொள்ள இசையாது. ‘மீடியாக்கர்’ என்று ஒருவனுடைய நற்சான்றிதழில் எழுதிவிட்டால் அவனுக்கு உத்தியோகம் கிடைப்பது அரிது. ஒரு நூலைப் பற்றி மதிப்புரைகாரர் அப்படி எழுதிவிட்டால், அதைக் காட்டிலும் கடுமையான வசை எதுவும் தேவலை என்று நூலாசிரியருக்குத் தோன்றும். நானூறு ஆண்டுகளுக்குள் ஒரு சொல் மகுடத்திலிருந்து மண்ணுக்கு இறங்கிவிட்டது. இது நிகண்டு எழுதுகிறவர்கள் மட்டும் கவனிக்கத்தக்க விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. மனிதனை மனிதன் உத்தமம், மத்திமம், அதமம் என்று தரம் பிரிக்கும் அதிகாரம் எதுவரை செல்லும், எங்கே அது நின்றுவிட வேண்டும் என்னும் ஆத்மிகமான கேள்வி அந்த இறக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது.

லத்தீனில் ‘மீடியோக்ரிஸ்’ என்பது ‘நடு’ என்ற சொல்லும், கரடுமுரடான மலையைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல்லும் சேர்ந்து பிறந்தது என்பர். மலையேறுகிறவன் பாதி உயரத்தில் நிற்கும் நிலை அது. அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு அவன் உயர்ந்து நிற்கிறான். சிகரத்திலிருந்து குனிந்து பார்ப்பவனுக்கு அவன் வந்து சேராதவன். இவ்விரு பார்வைகளையும் ஒரே கவிஞர் தம் வாக்கில் அமைத்து வைத்திருப்பது வியப்புக்குரியது. விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகனாகப் பிறந்து ரோமாபுரியின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவராக உயர்ந்த ஹாரேஸ், கி.மு. 23-ல் வெளியான தம் பாடல் தொகுதியில், லிசினியஸ் என்ற நண்பரை விளித்து, இடிந்த குடிசையின் அழுக்கும் வேண்டாம், பிறர் பொறாமைப்படும் அரண்மனையும் வேண்டாம், இடைப்பட்ட வாழ்வே பொன் போன்றது என்று உபதேசிக்கிறார். அதே ஹாரேஸ், கவிதைக் கலையைப் பற்றி எழுதிய நிருபத்தில், நடுத்தரமான வக்கீல் ஒருவர் மேதாவியான வக்கீலுக்கு இணையாகாவிட்டாலும் அவருக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, நடுத்தரமான கவிஞனை மட்டும் தேவர்களும் பொறுப்பதில்லை, மாந்தரும் பொறுப்பதில்லை, புத்தகக் கடையின் தூண்களும் பொறுப்பதில்லை என்று தீர்த்துச் சொல்லிவிடுகிறார். இவற்றில் முரண்பாடு காண்பவர்கள் இருக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழும் முறைக்கு அவர் விதித்த அளவு ஒன்று. செய்யும் தொழிலின் சிறப்புக்கு விதித்த அளவு வேறு. எளிமையாக உண்டு உடுத்தி வாழ்கிறவன் தன் பாட்டை மட்டும் அரைகுறையாக விட்டுவிடலாகாது என்பதே அவர் கருத்து. வாழ்க்கையின் மிதத்தையும் படைப்பின் தரத்தையும் அவர் பிரித்துணர்ந்தார். அவ்விரண்டையும் விட்டு மனிதனின் ஆன்மாவுக்கே ஒரு தரம் குறிக்க அவர் முற்படவில்லை. அந்த மூன்றாவது காரியம் பிற்காலத்தாருடையது.

ஹாரேஸுக்கும் முன்னால் அரிஸ்டாட்டில் இருக்கிறார். தர்மம் என்பது மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்டது என்ற அவர் கொள்கையை எல்லோரும் அறிவர். ஆனால் அந்த ‘இடை’ கணக்கில் வரும் பாதியன்று என்று அவர் வற்புறுத்தியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து ராத்தல் உணவு மிகுதி, இரண்டு ராத்தல் குறைவு என்றால், மல்யுத்தம் பயிற்றுவிக்கும் ஆசான் எல்லோருக்கும் ஆறு ராத்தல் என்று அளந்துவிடுவதில்லை. மைலோ என்ற புகழ்பெற்ற மல்லனுக்கு அது போதாது, அன்றைக்குத்தான் களத்தில் இறங்கிய பையனுக்கோ அது மிஞ்சிப்போகும். ஆகவே ஒவ்வொருவனுக்கும் உரிய இடைநிலை அவனவனுக்குத் தக்கபடி அமைகிறது. இதைச் சொன்ன கையோடு அவர் இன்னொன்றும் சொல்கிறார்: தர்மம் தன் இலக்கணத்தால் இடைநிலையே ஆயினும், நன்மை என்ற அளவில் பார்த்தால் அதுவே உச்சி. கோழைத்தனத்துக்கும் மூர்க்கத்துக்கும் நடுவில் நிற்கும் வீரம் பாதி வீரமன்று, முழு வீரம். இந்தக் கிரேக்கக் கருத்தைச் சிசரோ லத்தீனில் சொல்ல நேர்ந்தபோது அவர் எடுத்தாண்ட சொல்லும் ‘மீடியோக்ரிடாஸ்’ தான். பாதி மலை என்று பொருள்பட்ட சொல் இப்படிச் சிகரத்தையும் தன்னுள் வாங்கிக்கொண்டது.

அந்தக் கௌரவத்தோடேதான் அது ஆங்கிலத்தில் நுழைந்தது. ரோமாபுரிப் போப்பின் சபைக்கும் ஜெனீவாச் சீர்திருத்தக்காரர்களின் சபைக்கும் இடையில் தனக்கென்று ஒரு பாதையை வகுத்துக்கொண்ட ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு நடுநிலை என்பதே பெருமையாயிற்று. 1662-ம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின் முன்னுரை இரு கோடிகளுக்கும் நடுவே செல்வதைத் தன் சபையின் ஞானமென்று கூறுகிறது; பக்திக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் தம் சபையை அந்த நடுத்தன்மைக்காகவே தாயாகப் போற்றிப் பாடினார். டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட பேரகராதியில்கூட ‘மீடியாக்ரிட்டி’ என்ற சொல்லுக்கு நடுத்தர நிலை என்பதோடு மிதமான ஒழுக்கம், அடக்கம் என்ற பொருளும் இடம் பெற்றிருக்கிறது. ஜான்சனை இங்கே குறிப்பிட எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுத்தரத்தைச் சொல்ல ஆங்கிலத்தார் வழங்கும் மற்றச் சொற்களோ பெரும்பாலும் கோவிலிலிருந்தும் தத்துவத்திலிருந்தும் வந்தவை அல்ல. கிடங்கிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்தவை. ‘மிட்லிங்’ என்பது லிவர்ப்பூல் பஞ்சுச் சந்தையில் விலை பேசுவதற்கு ஆதாரமாக வைத்துக்கொண்ட ரகத்தின் பெயர். ‘ஆவரேஜ்’ என்பது, பழுதான சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல்லொன்றின் வழிவந்து, கப்பலில் நேர்ந்த நஷ்டத்தை வியாபாரிகள் எல்லோரும் தத்தம் சரக்குக்குத் தக்கபடி பகிர்ந்துகொள்ளும் முறைக்குப் பெயராகி, அதன் பின்பே சராசரிக் கணக்கைக் குறித்தது. நம்மவர் வாயில் அன்றாடம் புழங்கும் ‘சுமார்’ என்பதும் எண்ணிக்கையைக் குறிக்கும் பாரசீகச் சொல்தான். அதுவே ‘சுமாரான பையன்’ என்று ஒரு பிள்ளையின் தலையில் வந்து விடிகிறது. ‘செகண்ட் ரேட்’ என்பதன் சரித்திரம் இவற்றிலும் விசித்திரமானது. ஆங்கிலேயர் தம் போர்க்கப்பல்களைப் பீரங்கிகளின் தொகையால் வகைப்படுத்தினார்கள். நூறும் அதற்கு மேலும் தாங்கியவை முதல் தரம், தொண்ணூறு முதல் தொண்ணூற்றெட்டு வரை தாங்கியவை இரண்டாம் தரம். 1805-ல் டிரஃபால்கர் யுத்தத்தில் தளபதி நெல்ஸனின் ‘விக்டரி’ என்ற முதல் தரக் கப்பல் எதிரியின் கப்பலோடு பின்னிக்கொண்டு தத்தளித்தபோது, அதற்கு அடுத்து வந்து தோள் கொடுத்த ‘டெமரெயர்’ தொண்ணூற்றெட்டுப் பீரங்கிகள் கொண்ட இரண்டாம் தரக் கப்பல். ஓவியர் டர்னர் 1839-ல் காட்சிக்கு வைத்த புகழ்பெற்ற சித்திரத்தில், உடைக்கப்படுவதற்காக இழுத்துச் செல்லப்படுவதாகக் காட்டியிருப்பது அதைத்தான். அந்த மாலுமிகளிடம் சென்று ‘இரண்டாம் தரம்’ என்றால் அவர்கள் அதை வசையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எத்தனை பீரங்கி என்று கணக்குச் சொல்லியிருப்பார்கள்.

பண்டத்துக்கும் கலத்துக்கும் ஏற்பட்ட அளவுகள் மனிதனுக்கு ஏற்பட்டது எவ்வாறு? ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் எழுதிய சுதந்தரம் பற்றிய நூலிலேயே, உலகத்தின் போக்கு நடுத்தரத்தின் கையில் ஆதிக்கத்தைக் கொடுத்து வருகிறதென்ற அச்சம் தென்படுகிறது. ஆனால் சொல்லுக்கு எண்ணின் பலத்தைக் கொடுத்தவர்கள் வேறு இருவர். அவர்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல்வர் பெல்ஜியத்து வான நூலார் அடால்ஃப் கெட்லே. நட்சத்திரத்தின் நிலையைப் பலமுறை அளந்தால் ஒவ்வொரு முறையும் சிறு பிழை நேரும். பிழைகள் இருபுறமும் சிதறி, நடுவில் உண்மையான இடம் புலப்படும். இந்த முறையை அவர் மனித உடலுக்குப் பிரயோகித்தார். 5,738 ஸ்காத்லாந்துப் போர்வீரர்களின் மார்பளவுகளை ஆராய்ந்தபோது, அவை ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப அளந்தாற்போன்ற ஒழுங்கில் அமைந்திருந்தன. அதிலிருந்து அவர் எட்டிய முடிவு அழகானது: சராசரி மனிதனே இயற்கையின் இலக்கு, நாமெல்லோரும் அந்த இலக்கிலிருந்து சிறிது சிறிது விலகிப்போனவர்கள். கெட்லேயின் கண்ணில் நடு என்பது இன்னமும் பூரணத்துவமாகவே இருந்தது.

அடுத்தவர் இங்கிலாந்தின் சர் பிரான்சிஸ் கால்டன். அவர் அதே கணக்கை எடுத்துக்கொண்டு அதன் பொருளைத் தலைகீழாக்கிவிட்டார். 1869-ல் அவர் வெளியிட்ட பரம்பரை மேதாவித்தனம் பற்றிய நூலில் மனிதர்களை அவர்களுடைய இயற்கைத் திறனுக்குத் தக்கபடி எழுத்துக் குறியிட்டு வகுப்பு வகுப்பாகப் பிரித்தார். நடுவில் உள்ள இரண்டு வகுப்புகளுக்கு ‘மீடியாக்கர்’ என்று பெயரிட்டு, பத்து லட்சம் பேரில் பாதிக்கு மேல் அவ்விரண்டிலேயே அடங்கிவிடுவார்கள் என்று கணக்கிட்டார். 1886-ல் 205 பெற்றோர் ஜோடிகளின் உயரத்தையும், வளர்ந்துவிட்ட அவர்களுடைய மக்கள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டு, பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கிச் சமன்செய்து, ஓர் உண்மையை நிறுவினார்: மிக உயரமான பெற்றோரின் மக்கள் பெற்றோரளவு உயர்வதில்லை, மிகக் குட்டையான பெற்றோரின் மக்கள் அவ்வளவு குட்டையாவதுமில்லை, இரு சாராரும் 68¼ அங்குலம் என்ற நடுவை நோக்கித் திரும்புகிறார்கள். சிறந்த கண்டுபிடிப்பு, இன்றைய புள்ளியியல் அதன்மீது எழுந்தது. ஆனால் அக்கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு, மீடியாக்ரிட்டியை நோக்கிப் பின்வாங்குதல் என்பது. உயரத்தில் நடுவாக இருப்பதில் என்ன இழிவு? பின்வந்த விஞ்ஞானிகள் அச்சொல்லை நீக்கி, வெறும் சராசரி என்ற சொல்லை அவ்விடத்தில் வைத்ததே அதில் ஏதோ பொருந்தவில்லை என்பதற்குச் சான்று. கால்டனுக்கு அது பொருந்தியது. ஏனெனில் 1883-லேயே ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லைப் படைத்து, சிறந்த வித்துகள் பெருகவும் மற்றவை குறையவும் மனித குலம் முயல வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அந்த ஆசை அவரோடு நின்றுவிடவில்லை. 1907-ல் அமெரிக்காவின் இண்டியானா ராஜ்யம், தகுதியற்றவர்களென்று தீர்மானிக்கப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டமியற்றியது. வேறு பல ராஜ்யங்களும் தேசங்களும் அதைப் பின்பற்றின. அளவுகோலின் அடிப்பகுதியில் வைக்கப்பட்டவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். தரம் பிரித்தல் என்பது ஏதோ பரீட்சை மண்டபத்துச் சமாசாரம் என்று எண்ணுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தை நினைவில் வைக்க வேண்டும்.

பாலம் கட்டியவன் சரியாகக் கட்டினானா என்று கேட்பது நியாயம். பாட்டு நன்றாயிருக்கிறதா என்று கேட்பதும் நியாயமே. நன்றாயில்லாததை நன்றென்பது பாடியவனுக்கும் கேட்பவனுக்கும் செய்யும் துரோகம். செயலைப் பற்றிய இந்தத் தீர்ப்பை விட்டுவிட்டால் உலகம் நடக்காது. செயலைக் கடந்து, ‘இவன் நடுத்தரமானவன்’ என்று ஆளையே தீர்த்துக் கூறும்போதுதான், நமக்கு உரிமையில்லாத ஓர் ஆசனத்தில் நாம் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம் என்பது என் துணிபு. இதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டியதில்லை. திறமைக்கு ஆங்கிலத்தார் வழங்கும் ‘டாலண்ட்’ என்ற சொல்லே போதும்.

மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வரும் உவமையிலிருந்து பிறந்த சொல் அது. தமிழ்க் கிறிஸ்தவர்களும் ‘தாலந்து’ என்றே அதை வழங்குகிறார்கள். பரதேசம் போகும் எஜமான் தன் ஊழியர் மூவரிடம் அவரவர் சக்திக்கேற்ப ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைத்துச் செல்கிறான். ஐந்தைப் பெற்றவன் பத்தாக்குகிறான். இரண்டைப் பெற்றவன் நான்காக்குகிறான். ஒன்றைப் பெற்றவன் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடுகிறான். பிரசங்கிகள் பெரும்பாலும் ஐந்தைப் பற்றியும் ஒன்றைப் பற்றியுமே பேசுவார்கள். நடுவில் நிற்கும் அந்த இரண்டு தாலந்துக்காரனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் எஜமான் திரும்பி வந்து முதல்வனைப் பாராட்டிய அதே வாக்கியத்தை, ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் இந்த நடுத்தரக்காரனுக்கும் சொல்கிறான். பத்துக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் அவன் கணக்கில் ஏறவேயில்லை. மூன்றாமவன் தண்டனை பெற்றதும் ஒன்றை மட்டும் பெற்றதற்காக அன்று. எஜமானிடம் அவன் கொண்ட அச்சமும் அவநம்பிக்கையுமே அவனைக் கெடுத்தன. அந்த ஒன்றும் அற்பமானதல்லவே! அக்காலத்தில் ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தினாரி. ஒரு தினாரி ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். கடைசி ஊழியன் கையில் இருந்தது இருபது ஆண்டு உழைப்பின் விலை. மனிதர்களைத் தாலந்துள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்க இன்று வழங்கும் சொல், தாலந்து இல்லாதவன் எவனுமே இடம்பெறாத ஒரு கதையிலிருந்து எடுக்கப்பட்டது.

வெதுவெதுப்பாய் இருப்பவனை வாந்திபண்ணிப்போடுவேன் என்னும் கருத்தில் லவோதிக்கேயா சபைக்கு வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் எச்சரிக்கையை இங்கே சிலர் எடுத்துக்காட்டி, நடுத்தரத்தை வேதமும் வெறுக்கிறது என்பார்கள். அங்கே பேசப்படுவது அன்பின் சூடும் அதன் ஆறுதலும். தானே ஐசுவரியவான், தனக்கொரு குறையுமில்லை என்றிருந்த சபைக்குச் சொன்னது அது. திறமை அங்கே பிரஸ்தாபத்துக்கே வரவில்லை.

ஆனால் இரண்டு தாலந்துக்காரனின் மனவேதனை உவமையோடு தீர்ந்துவிடுவதில்லை. ஐந்து தாலந்தின் அருமையை முழுதும் உணரக்கூடிய ஞானமும், இரண்டே தாலந்து செய்யக்கூடிய கையும் ஒருவனுக்கே வாய்த்துவிட்டால் அவன் என்ன செய்வான்? 1979-ல் லண்டனில் அரங்கேறிய ‘அமேடியஸ்’ நாடகத்தில் பீட்டர் ஷாஃபர் எழுப்பிய கேள்வி இதுவே. சரித்திரத்தில் வாழ்ந்த சாலியேரி பெரிதும் மதிக்கப்பட்ட சங்கீத வித்வான். பீத்தோவனுக்கும் ஷூபெர்ட்டுக்கும் ஆசானாக இருந்தவர். நாடகத்துச் சாலியேரியோ, சிறு வயதில் கடவுளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறான்: நான் ஒழுக்கத்தோடு வாழ்கிறேன், நீ எனக்குக் கீர்த்தி தா. பிறகு குறும்புக்காரனான மோஸார்ட்டின் கையிலிருந்து தெய்வ நாதம் பொங்குவதைக் கேட்டு, அதைத் தன்னளவுக்கு யாரும் ரசிக்கவில்லை என்பதையும் உணர்ந்து, கடவுளை எதிரியாக அறிவித்துவிடுகிறான். அவனுக்காக நான் இரங்குகிறேன். வேட்கையை மட்டும் கொடுத்து ஆற்றலைக் கொடுக்காமலிருப்பது ஏன் என்ற அவன் கேள்விக்கு எந்தச் சமயமும் முழுமையான விடை அளித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவனுடைய அழிவு ஆற்றல் குறைவிலிருந்து வந்ததென்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்தியை முதலாகப் போட்டு மேதாவிலாசத்தை வட்டியாக எதிர்பார்த்தவன் அவன். மோஸார்ட்டின் சங்கீதத்தைக் கேட்டு அவ்வளவு ஆழமாக உருகும் செவியே ஒரு பெரும் தாலந்து என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜான்சனைப் பற்றி முன்பு குறிப்பிட்டேன். அவருடைய இல்லத்தில் பல ஆண்டுகள் ராபர்ட் லெவெட் என்றொருவர் ஒண்டியிருந்தார். இளமையில் பாரிஸ் நகரத்துக் காப்பிக் கடையொன்றில் பணியாளாக இருந்தபோது, அங்கே வந்துபோகும் ரண வைத்தியர்கள் அவருடைய ஆர்வத்தைக் கண்டு, தங்களுக்குள் பணம் சேர்த்துக் கொடுத்து, வைத்தியப் பிரசங்கங்களைக் கேட்கவும் வழிசெய்தார்களாம். முறையான பட்டமோ உரிமைப் பத்திரமோ அவருக்குக் கிடையாது. பார்வைக்கு விகாரமானவர், பழகுவதற்கு விறைப்பானவர், பிறர் முன்னிலையில் வாய் திறப்பதே அரிது. ஆனால் நாள்தோறும் லண்டனின் கிழக்கே ஹவுண்ட்ஸ்டிச்சிலிருந்து மேற்கே மேரிலபோன் வரையில் ஏழைகளின் வீடுகளுக்கு நடந்தே சென்று வைத்தியம் பார்ப்பார். காசில்லாதவர்கள் ஒரு வாய் மதுவைக் கொடுத்தால் அதையும் வாங்கிக் குடித்துவிடுவார். உழைப்புக்கு ஊதியமில்லாமல் போவதை அவர் விரும்பவில்லை. 1782 ஜனவரியில், எழுபத்தாறு வயதைக் கடந்து, ஜான்சனின் வீட்டிலேயே அவர் காலமானார். அவர்மீது ஜான்சன் பாடிய இரங்கற்பா அடுத்த ஆண்டு அச்சேறியது. மத்தேயுவின் ஒற்றைத் தாலந்தை நினைவூட்டி, அதை நன்கு பயன்படுத்தியவர் என்பதே அங்கே லெவெட்டுக்கு அளிக்கும் புகழ். பெரிய வைத்தியர் என்றோ, உலகம் அறியாத மேதை என்றோ ஜான்சன் எழுதவில்லை. அவர் கவிஞர்களை நிறுக்கும்போது மில்டனுக்குக்கூடத் தயை காட்டாதவர். நண்பரென்பதற்காக அவர் தராசைத் தாழ்த்தியிருக்க மாட்டார். லெவெட்டின் மருத்துவம் இருந்த அளவில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவர் நடந்த நடையைப் பாடினார்.

ஒரு தடை இங்கே எழக்கூடும். அந்த ஏழைகளுக்கு லெவெட்டைவிடச் சிறந்த வைத்தியர் வாய்த்திருக்கலாகாதா? வாய்த்திருக்க வேண்டும்தான், பட்டமில்லாத ஒருவர் கையில் நோயாளியை விட்டுவிடுவதை நான் நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைய லண்டனில் பட்டம் பெற்ற வைத்தியர் ஒருமுறை வந்து பார்த்துச் செல்வதற்கு வழக்கமான கட்டணம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். நகரத்துக் கூலியாள் ஒருவன் ஒரு வாரம் முழுதும் பாடுபட்டாலும் அவ்வளவு சம்பாதிக்க இயலாது. ஹவுண்ட்ஸ்டிச்சுச் சந்துகளில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு முதல் தர வைத்தியர் ஏன் வரவில்லை என்ற கேள்வியை லெவெட்டிடம் கேட்பதில் பயனில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் கினி வாங்கியவர்களின் வாசல்.